கறுப்பங்கிக்குக் கூலி தருவது யார்?



தென் பசிபிக் கடலில் வனுவாட்டு என்றொரு நாடு இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள்; எல்லாவற்றிலும் சேர்த்து வாழும் மக்கள் மூன்று இலட்சத்தைச் சற்றே தாண்டுவர். நம் நாட்டில் ஒரு தாலுகாவில் அடங்கிவிடும் தொகை. அந்த நாட்டின் தலைநகராம் போர்ட் விலாவில் தென் பசிபிக் பல்கலைக் கழகத்தின் சட்டக் கல்வித் துறை நடைபெறுகிறது. 2019-ம் ஆண்டில் அங்கே பயின்றுகொண்டிருந்த 27 மாணவ மாணவியர், வகுப்பில் ஆசிரியர் கொடுத்த ஒரு பயிற்சியைக் கையிலெடுத்தனர். கடல் ஏறி வருகிறது. புயல் கொடுமை பெருகி வருகிறது. இதற்குக் காரணமான நாடுகளைச் சட்டத்தின் முன் நிறுத்த வழி என்ன? இதுதான் பயிற்சி. மதிப்பெண்ணுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிப் போகவில்லை. உலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கச் செய்வதே வழி என்று கண்டனர்; தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர்; கதவு கதவாகத் தட்டினர்.

வனுவாட்டு அரசு அதைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023 மார்ச் 29-ல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் இரண்டு வார காலம் வாதங்கள் நடந்தன. 2025 ஜூலை 23-ல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தனர். காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; அக்கடமையை மீறுவது குற்றம்; மீறியவர் அச்செயலை நிறுத்தவும், தக்க நிலையில் ஈடு கட்டவும் பொறுப்பாவர் என்பது அதன் சாரம். கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று, கருத்துரைதான். எனினும் இனி உலகின் எந்த நீதிமன்றத்திலும் அதை மறைத்துவைத்துப் பேச முடியாது.

இந்தியாவின் சார்பில் அந்த மண்டபத்தில் எழுந்தவர், இப்போதுள்ள ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதுக் கடமை எதையும் நீதிமன்றம் உருவாக்கிவிடக் கூடாது என்று வாதாடினார் என்பதையும் ஒரு வரியில் குறித்துவைக்கிறேன். செல்வ நாடுகள் நூறாண்டுக் காலம் கக்கிய புகைக்கு ஏழை நாடுகள் விலை கொடுப்பதா என்ற வழக்கு நியாயமானதே. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டே, ஏழையிலும் ஏழையான தீவுக்காரன் கேட்ட கேள்விக்குக் குறுக்கே நிற்பானேன் என்பதுதான் விளங்கவில்லை.

போகட்டும். இதை நான் விரித்துரைப்பது பசிபிக் மாணவரைப் பாராட்டுவதற்காக மட்டும் அல்ல. வகுப்பறையில் எழுந்த எண்ணம் ஹேக் மண்டபத்தை எட்ட ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளும் அந்தப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். வயது ஏறும், குடும்பம் சேரும். படித்து முடித்த இளைஞன், வருமானம் தராத ஒரு வழக்கோடு ஆறு ஆண்டுகள் வாழ்வது எப்படி? இன்றைய என் கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா சட்டக் கல்லூரியில் 2009-ல் மைக்கேல் ஜெரார்ட் என்ற பேராசிரியர் ஒரு மையம் நிறுவினார். சபின் மையம் என்பது அதன் இன்றைய பெயர். காலநிலை பற்றிய சட்டமே அதன் வேலை. சட்டப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞரைச் சில காலத்துக்கு ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொள்கிறார்கள். ஃபெலோஷிப் என்று அதற்குப் பெயர். அந்த இளைஞர் என்ன செய்கிறார்? உலகெங்கும் தொடுக்கப்படும் காலநிலை வழக்குகளைத் திரட்டி, வகைப்படுத்தி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கிறார். சட்ட முன்வடிவுகள் எழுதுகிறார். காற்றாலையோ கதிரொளி மின் நிலையமோ வேண்டும் என்று கேட்கும் ஊராருக்கும் கட்டணமின்றித் துணை நிற்கிறார். அந்தத் திரட்டிலிருந்து ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 2017-ல் 884 வழக்குகள்; 2020-ல் 1,550; 2022 முடிவில் 2,180. 2025-ன் நடுவில் அது மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்நாட்டின் மொன்டானா மாநிலத்தில் 16 சிறுவர் சிறுமியர் தம் அரசின் மீதே வழக்குத் தொடுத்தனர். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அனுமதி கொடுக்கும்போது காலநிலைக் கேட்டைக் கணக்கில் எடுக்கலாகாது என்று அம்மாநிலம் சட்டமே செய்திருந்தது. 2023 ஆகஸ்டில் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது; 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குழந்தைகள் தாமாக வழக்குமன்றப் படி ஏறிவிடவில்லை. அவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் ஏடு புரட்ட ஊதியம் பெற்ற வழக்கறிஞர் இருந்தனர். 2025 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பாரிஸ் உடன்பாட்டிலிருந்து இரண்டாம் முறையாக வெளியேறக் கையெழுத்திட்டார்; அத்தகைய நாட்டிலும் சட்டத்தின் பக்கம் முற்றும் இருண்டுவிடாதிருக்க இவர்களும் ஒரு காரணம்.

ஃபெலோஷிப் என்பதற்குப் பழைய தமிழில் உபகாரச் சம்பளம் என்ற சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம். உபகாரம் என்ற சொல் எனக்கு உவப்பாக இல்லை. வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பது கூலி. எனவேதான் தலைப்பில் கூலி என்றே எழுதினேன்.

இனி நம் நிலைக்கு வருவோம்.

ஐந்தாண்டுகள் படித்து, கறுப்பங்கி அணிந்து, நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்கே பல மாநிலப் பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிவந்தன. 750 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் தடுத்தது. பதிவு முடிந்தால் சீனியரிடம் சேரவேண்டும். சீனியர் கொடுப்பது கோப்புத் தூக்கும் உரிமை. கையில் வருவது பஸ் செலவுக்குப் போதாது. தமிழக அரசு 2020-ல் ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஈராண்டுக்குத் தரும் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிற்று. சொல்லிற்று, சரி. எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஊர் நீதிமன்ற வாசலில் நிற்கும் பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில் உள்ளவனிடம், மீனவக் குப்பத்தின் வழக்கை எடு, கட்டணம் கேட்காதே, பத்தாண்டுகள் பொறு என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? அனுதாபப்படுவான், பிறகு காசோலை மோசடி வழக்குக்கு வக்காலத்துப் போடப் போய்விடுவான். அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை, தோழர்களே. இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் கானமயில் என்னும் பறவை மின்கம்பியில் மோதி மாண்டு அருகிப்போவதைப் பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. அதில், 2024 மார்ச் 21-ம் நாள் தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்பெறுவது குடிமக்களின் உரிமை, அது அரசியல் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகளில் அடங்கியது என்று நீதிமன்றம் உரைத்தது. இதற்கெனத் தனிச் சட்டம் இந்நாட்டில் இல்லை என்பதையும் சுட்டிற்று. ஒரு பறவையின் வழக்கில் நமக்கு ஓர் உரிமை பிறந்தது! மகிழ்ச்சியே. ஆனால் அந்த உரிமையைக் காயல்பட்டினத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? 2023 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் அது. வெள்ளத்தில் உப்பளத்தை இழந்தவனுக்கும், வீட்டை இழந்தவளுக்கும் நிவாரணம் என்ற பெயரில் கிடைப்பது அரசின் கருணை. உரிமை என்று அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால் மனு எழுதும் கை வேண்டும்.

அதே மாதத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படகும் வலையும் கறுத்தன. வீட்டுச் சுவர் கறுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பதால் வழக்கு உடனே அங்கே போயிற்று. எண்ணூருக்குத் தீர்ப்பாயம் பக்கம். இராமநாதபுரத்துக்கு? கன்னியாகுமரிக்கு?

தீர்ப்பாயச் சட்டம் 2010-ம் ஆண்டினது. அதன் 16-வது பிரிவை ஒவ்வொரு கிளைக் கழகத்திலும் எழுதி ஒட்டிவைக்கலாம். ஒரு தொழிலுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், அதை எதிர்த்து முறையிட 30 நாட்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். தொண்ணூறு நாட்கள் கடந்தால் கதவு மூடிவிடும். எத்தனை பெரிய அநியாயம் ஆனாலும் அந்த வழி திறவாது. அனுமதிக்கு ஆதாரமான அறிக்கையோ பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. உப்பங்கழியில் இறால் பிடிக்கிறவன் அதைப் படித்து, பொய்யைக் கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் மனு வரைந்து, சென்னைக்கு வந்து தாக்கல் செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்குள். இது சட்டமா, ஓட்டப் பந்தயமா?

மொழி பற்றிப் பேசினால் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். 2020-ல் டில்லி அரசு சுற்றுச்சூழல் அனுமதி விதிகளையே மாற்ற ஒரு வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ல் ஆணையிட்டது. அந்த ஆணை தானாக வரவில்லை. ஒருவர் வழக்குப் போட்டார், ஒரு வழக்கறிஞர் வாதாடினார், வந்தது. நாம் மேடையில் முழங்கியதை அவர்கள் மனுவாக எழுதினர். முழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், மனுவும் வேண்டும்.

வென்ற பிறகும் காவல் வேண்டும் என்பதற்கு மற்றொன்று கூறுகிறேன். முன் அனுமதி பெறாமல் தொடங்கிவிட்ட திட்டங்களுக்குப் பின்னாளில் அனுமதி வழங்கும் வழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 16-ல் தீர்ப்பளித்தது. ஆறே மாதம். நவம்பர் 18-ல் மூன்று நீதிபதிகளில் இருவர் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றனர், ஒருவர் மாறுபட்டார். மே மாதம் வெற்றி விழா கொண்டாடிவிட்டு உறங்கியவர்களுக்கு நவம்பரில் விழிப்பு வந்திருக்கும்.

பாலாற்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் அங்கமாயின. இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். தமிழகத்து ஆறு ஒன்று உயிர் கொடுத்து எழுதிய பாடம் அது. ஆனால் ஆறு? 2025 ஜனவரி 30-ல், அதே ஆற்றின் கேட்டுக்காக, ஈட்டுத்தொகையைக் கொடுத்து ஆற்றைச் சீர்செய்க என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. முதல் மனுவிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள். மனு எழுதிய அன்று பிறந்த குழந்தைக்கு இன்று குழந்தை இருக்கும்.

ஆகவே, ஓராண்டு ஃபெலோஷிப் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் நான் கைதட்டத் தயங்குவேன். ஓராண்டில் பிள்ளை கற்றுக்கொள்வான், கற்றதும் போய்விடுவான். கோப்பு அடுத்தவனிடம் போகும். அவன் முதலிலிருந்து தொடங்குவான். எதிர்த்தரப்பிலோ முப்பது ஆண்டுகளாக அதே நிறுவனத்துக்கு அதே வழக்கறிஞர்கள். மூன்றாண்டுகளுக்குக் குறைந்தால் பயனில்லை.

இனிப் பணம். செல்வரின் அறக்கட்டளை தரலாமே என்பர். தரட்டும், ஆனால் எந்த வழக்கைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதும் அந்தச் செல்வரின் கைக்குப் போய்விடும். அனல் மின் நிலையத்தில் பங்கு வைத்திருப்பவர், அனல் மின் நிலையத்தை எதிர்க்கும் வக்கீலுக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுப்பார்? வெளிநாட்டு உதவி என்றால் அதற்கும் பூட்டுப் போட்டாயிற்று. 2020-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, அயல்நாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதிலிருந்து இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கவும் இயலாது. வெளியார் பணத்தால் நம் கடலைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கும் பெருமை இல்லை.

எஞ்சியிருப்பது பொதுப்பணம். அரசே காசு கொடுத்து, அரசின் மீதே வழக்குப் போடச் சொல்வதா என்று நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு முன் சட்டத்தைப் படிக்கட்டும். இலவசச் சட்ட உதவி அரசின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1987-ல் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்காக, அரசின் போலீசு தொடுத்த வழக்கை எதிர்த்து வாதாட, முழுநேர வழக்கறிஞரைப் பொதுப்பணத்தில் அமர்த்தும் முறை 2022 முதல் மாவட்டங்களில் நடந்துவருகிறது. வானம் இடிந்து விழவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைப்பது, கடல் கொண்டுபோன குப்பத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

அச்சட்டத்தின் 12-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கு இலவச உதவி என்று வரிசை சொல்கிறது. பெண்கள் அனைவரும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அனைவரும், அதற்கடுத்து, பேரிடர், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோர். வெள்ளம் என்றும் வறட்சி என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! எண்ணூர்க் குப்பத்து மீன்காரி அந்த வரிசையில் ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறை இடம்பெறுகிறாள். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே அந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவே.

நமது கோரிக்கை இதுதான். மாநிலச் சட்டப்பணி ஆணைக்குழுவின் கீழ், கடலோர மாவட்டங்கள் 14-லும் மாவட்டத்துக்கு இருவர் வீதம் 28 இளம் சட்டப் பட்டதாரிகளை மூன்றாண்டுகளுக்கு அமர்த்த வேண்டும். மாதம் 60,000 ரூபாய் கொடுத்தாலும் ஆண்டுக்கு இரண்டு கோடியே ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய். ஒரு புயலுக்கு ஒரு மாவட்டத்தில் செலவாகும் நிவாரணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை. பசுமைத் திட்டங்களுக்கென மாவட்டந்தோறும் இளைஞரை ஊதியத்தில் அமர்த்திய முன்னுதாரணம் தமிழகத்தில் உண்டே என்று கேட்கலாம், உண்டு, நல்லதே. ஆனால் அவர்கள் மாவட்ட ஆட்சியருக்குத் துணை. ஆட்சியரின் ஆணையை எதிர்த்து முறையிடுவது அவர்கள் வேலை அன்று. மாவட்டச் சட்டப்பணிக் குழுவுக்கோ மாவட்ட நீதிபதி தலைவர். மாநில ஆணைக்குழுவை நடத்துபவர் உயர் நீதிமன்ற நீதிபதி. அமைச்சர் தொலைபேசியில் கூப்பிட்டு இந்த வழக்கை விடு என்று சொல்ல வழியில்லாத இடம் அது. எந்தக் கட்சி ஆட்சியில் அமர்ந்தாலும், நம் கட்சியே அமர்ந்தாலும், அந்த இடைவெளி இருக்கட்டும். நமக்கும் அது நல்லது.

முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று நாளையே எழுதுவார்கள். எல்லா வழக்கும் தடை வழக்கு அல்ல. பயிர்க் காப்பீட்டுத் தொகையை மறுக்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது, கொளுத்தும் வெயிலில் உப்பளத்தில் உழைப்பவளுக்கு நிழலும் நீரும் கேட்பது, பட்டா இல்லாத காரணத்தால் வெள்ள நிவாரணப் பட்டியலில் விடுபட்டவன் பெயரைச் சேர்ப்பது, எல்லாம் இந்தச் சட்டத்தின் பாற்பட்டவையே. அந்த இளைஞருடைய மூன்றாண்டில் பெரும்பகுதி இத்தகைய சிறு மனுக்களிலேயே கழியும். கழியட்டும்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வருமுன் கடலோர மாவட்டத் தோழர்கள் இதைக் கிளைக் கூட்டத் தீர்மானமாக எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி; மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவின் தலைவருக்கு ஒரு படி. தேர்வு முறை பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரிய கல்லூரியின் பெயர் பார்த்து எடுக்கலாகாது, மீனவர், உப்பளத் தொழிலாளர், பழங்குடியினர் வீடுகளிலிருந்து முதன்முதலாகச் சட்டம் படித்து வந்தவர்களுக்கு முதலிடம், நேர்முகத் தேர்வில் ஒரு கிராமசபைக் கூட்டத்தில் சட்டத்தை விளக்கிப் பேசச் சொல்லிப் பார்க்கவேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழில் இருக்கட்டும்.